கதாசிரியர் எழுதிய முடிவும் கொட்டகை கேட்ட முடிவும்

பிராட்வே இசை நாடகக் கதைகள்

கதை சொல்லுகிற எல்லோருக்கும் ஒரு சங்கடம் உண்டு. கதையைத் தொடங்குவது எளிது. நடத்திச் செல்வதும் அவ்வளவு கஷ்டமில்லை. எப்படி முடிப்பது என்பதில்தான் சிக்கல். கதாநாயகனைக் கொன்றுவிடலாமா? பிரிந்து போன தம்பதிகளைச் சேர்த்து வைக்கலாமா? புத்தகம் எழுதுகிறவர் தம் மனச்சாட்சிக்குப் பதில் சொன்னால் போதும். நாடகம் போடுகிறவரோ, டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தச் சங்கடத்தை நன்றாக அறிந்தவர்கள் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பிராட்வே நாடகக்காரர்கள். பிராட்வே என்பது மன்ஹாட்டன் தீவின் நெடுகிலும் ஓடுகிற ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவையும் டைம்ஸ் சதுக்கத்தையும் ஒட்டிச் சுமார் நாற்பது நாடகக் கொட்டகைகள் இருக்கின்றன. பேச்சும் பாட்டும் ஆட்டமும் ஒன்றாகக் கலந்த இசை நாடகம் அங்கேதான் தனிக் கலையாக வளர்ந்தது. 1927-ல் தொடங்கி 1960-களின் நடுப்பகுதி வரையில் வெளிவந்த நாடகங்கள் இன்றும் உலகெங்கும் மேடை ஏறிக்கொண்டிருக்கின்றன.

அந்தப் புகழ் பெற்ற நாடகங்களின் கதைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியவரும். அநேகமாக எல்லாமே இரவல் கதைகள். ஒன்று நாவலிலிருந்து எடுத்தது. இன்னொன்று வேறு நாட்டு நாடகத்திலிருந்து எடுத்தது. மற்றொன்று உண்மையில் நடந்தது. ஆனால் மேடைக்கு வருகிற வழியில் பெரும்பாலும் கதையின் முடிவு மாறிவிட்டது. ஏன் மாறிற்று, எப்படி மாறிற்று என்பது நாடகத்தைப் போலவே சுவையான விஷயம்.

மிதக்கும் கொட்டகை

1926-ல் எட்னா பெர்பர் என்ற பெண் எழுத்தாளர் 'ஷோ போட்' என்ற நாவலை எழுதினார். மிஸிஸிப்பி ஆற்றில் ஊர் ஊராகச் சென்று நாடகம் போடும் ஒரு படகின் கதை அது. அதை இசை நாடகமாக்கத் துணிந்தவர்கள் இசையமைப்பாளர் ஜெரோம் கெர்னும், வசனமும் பாட்டும் எழுதிய ஆஸ்கார் ஹாமர்ஸ்டைனும். 1927 டிசம்பர் 27-ந் தேதி அரங்கேற்றம். அதற்கு முன்னால் பிராட்வேயில் இசை நாடகம் என்றால் பெரும்பாலும் வேடிக்கை, அழகிகளின் நடனம், இரண்டு காதல் பாட்டு என்பதோடு சரி.

படகின் பெயர் காட்டன் பிளாஸம். சொந்தக்காரர் காப்டன் ஆண்டி. அவருடைய மகள் மக்னோலியா. நாடகத்தின் கதாநாயகி நடிகை ஜூலி. அவளுடைய புருஷன் ஸ்டீவ். ஒரு நாள் ஷெரீப் படகுக்கு வருகிறார். வெள்ளைக்காரி போல் தோற்றமளிக்கும் ஜூலியின் உடம்பில் கறுப்பு இனத்தின் ரத்தமும் ஓடுகிறது என்று யாரோ துப்புக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வது அந்த ராஜ்யத்தில் சட்டப்படி குற்றம். ஷெரீப் உள்ளே வருமுன் ஸ்டீவ் ஒரு காரியம் செய்கிறான். மனைவியின் கையைக் கத்தியால் கீறி, வழிகிற ரத்தத்தை உறிஞ்சி விழுங்கிவிடுகிறான். "என் உடம்பிலும் கறுப்பு ரத்தம் இருக்கிறது" என்று அவன் சொல்லும்போது அது பொய்யல்ல அல்லவா? ஷெரீபால் அவர்களைக் கைது செய்ய முடியவில்லை. ஆனாலும் இரண்டு இனத்தாரும் ஒரே மேடையில் நடிக்கக்கூடாது என்பதால் இருவரும் படகை விட்டு இறங்கிப் போகிறார்கள்.

ஜூலியின் இடத்துக்கு மக்னோலியா வருகிறாள். ராவனல் என்ற அழகான சூதாடி கதாநாயகனாகிறான். இருவரும் மணந்துகொண்டு சிக்காகோ போகிறார்கள். சூதாட்டத்தில் பணம் கரைந்ததும் ராவனல் மனைவியையும் பெண் குழந்தையையும் விட்டு ஓடிவிடுகிறான். மக்னோலியா ஒரு ஹோட்டலில் பாட்டுப் பாடும் வேலை தேடி வருகிறாள். அங்கே ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பவள் ஜூலி. ஸ்டீவ் அவளைக் கைவிட்டுவிட்டான். அவள் குடியில் மூழ்கிக் கிடக்கிறாள். மக்னோலியாவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தன் வேலையை அவளுக்கு விட்டுக் கொடுத்து மறைந்துவிடுகிறாள்.

நாவலில் ராவனல் திரும்பி வருவதே இல்லை. காப்டன் ஆண்டி ஆற்றில் விழுந்து இறந்து போகிறார். நாடகத்திலோ ஆண்டி கிழவர் கடைசி வரை உயிரோடு இருக்கிறார். தலை நரைத்த ராவனல் பல வருஷங்களுக்குப் பிறகு படகுக்குத் திரும்பி வருகிறான். மக்னோலியா அவனை ஏற்றுக்கொள்கிறாள். ரசிகர்களுக்குத் திருப்தி.

ஆனால் ஜூலிக்கு என்ன ஆயிற்று? அதை நாடகம் சொல்லவில்லை. வெள்ளைக்காரத் தம்பதிகளைச் சேர்த்து வைத்த நாடகாசிரியரால், ஜூலிக்கும் ஸ்டீவுக்கும் ஒரு நல்ல முடிவைக் கற்பனை செய்ய முடியவில்லை. அந்தச் சட்டம் மேடையில் மட்டும் இருந்ததல்ல. கலப்பு மணத்தைத் தடை செய்யும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1967-ல்தான்.

ஜெயிலா, கல்யாணமா?

ஹாமர்ஸ்டைன் பின்னர் ரிச்சர்ட் ராஜர்ஸ் என்ற இசையமைப்பாளருடன் கூட்டுச் சேர்ந்தார். அவர்களுடைய முதல் நாடகம் 'ஓக்லஹோமா'. 1943 மார்ச் 31-ந் தேதி தொடங்கி 2,212 தடவை நடந்தது. லின் ரிக்ஸ் என்பவர் எழுதிய ஒரு நாடகம்தான் இதன் மூலம்.

கதை மிகச் சிறியது. லாரி என்ற பண்ணைப் பெண்ணை மாடு மேய்க்கும் இளைஞன் கர்லி காதலிக்கிறான். பண்ணையாள் ஜட் என்பவனுக்கும் அவள் மேல் கண். பெண்கள் கட்டிக் கொண்டுவந்த சாப்பாட்டுக் கூடைகளை ஏலம் விடும் விழாவில், லாரியின் கூடைக்காக ஜட் தன் சேமிப்பு முழுவதையும் வைக்கிறான். கர்லி தன் சேணத்தை விற்கிறான், குதிரையை விற்கிறான், கடைசியில் துப்பாக்கியையும் விற்று ஏலத்தை வெல்லுகிறான். கல்யாண இரவில் ஜட் குடித்துவிட்டுக் கத்தியோடு பாய்கிறான். கைகலப்பில் தன் கத்தியின் மேலேயே விழுந்து சாகிறான்.

ரிக்ஸ் எழுதிய மூல நாடகத்தில் கர்லி ஜெயிலுக்குப் போகிறான். அங்கிருந்து தப்பி வந்து, புது மனைவியோடு ஓர் இரவு தங்க அனுமதி பெறுகிறான். மறுநாள் விசாரணை. தீர்ப்பு என்ன என்று தெரியாமலே திரை விழுகிறது. இசை நாடகத்திலோ அந்த வீட்டு முற்றத்திலேயே அவசர அவசரமாக ஒரு விசாரணை நடக்கிறது. குற்றமில்லை என்று தீர்ப்பாகிறது. மணமக்கள் வண்டி ஏறிப் புறப்படுகிறார்கள். உலக யுத்தத்தின் நடுவில் வெளிவந்த நாடகம் அது. வந்திருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு மகனோ, சகோதரனோ போர்முனையில் இருந்தான். நிச்சயமில்லாத தீர்ப்பு அவர்களுக்கு வீட்டிலேயே இருந்தது. கொட்டகைக்கு வந்தது வேறொன்றைத் தேடி.

ஒரு நாள் வரம்

அதே இருவர் 1945-ல் போட்ட நாடகம் 'கரோஸெல்', அதாவது குடை ராட்டினம். ஹங்கேரி நாட்டு நாடகாசிரியர் பெரெங்க் மோல்னார் 1909-ல் எழுதிய 'லிலியோம்' என்ற நாடகத்தை அமெரிக்காவின் கடற்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

பில்லி ராட்டினத்துக்குக் கூட்டம் சேர்க்கக் கூவி அழைக்கிற ஆள். ஜூலி மில்லில் வேலை செய்யும் பெண். இருவரும் ஒரே இரவில் வேலையை இழந்து, மணந்துகொள்கிறார்கள். வேலை கிடைக்காத ஆத்திரத்தில் பில்லி மனைவியை அடிக்கிறான். அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று அறிந்ததும் பணத்துக்காகக் கொள்ளையடிக்கப் போய், பிடிபட்டுத் தன்னைத்தானே குத்திக்கொண்டு சாகிறான். பதினைந்து வருஷங்கள் கழித்து அவனுக்கு மேலுலகில் ஒரு வரம் கிடைக்கிறது. ஒரு நாள் பூலோகம் சென்று, தான் பார்த்திராத மகளுக்கு ஏதாவது நன்மை செய்யலாம். திருடனுடைய மகள் என்று ஊர் ஏசுகிற அந்தப் பெண்ணுக்காக அவன் ஒரு நட்சத்திரத்தைத் திருடிக்கொண்டு வருகிறான். அவள் வாங்க மறுக்கிறாள். பில்லி அவள் கையில் அடித்துவிடுகிறான்!

மோல்னாரின் நாடகம் ஏறக்குறைய இங்கேயே முடிந்துவிடுகிறது. கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தையும் பாழாக்கிவிட்டு லிலியோம் தேவலோகத்துப் போலீஸாரோடு திரும்பிப் போகிறான். செத்தும் மனிதன் திருந்தவில்லை என்பது அவருடைய முடிவு. ராஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் அப்படி விட மனமில்லாமல் இன்னொரு காட்சியைச் சேர்த்தார்கள். மகள் பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டம் பெறும் விழாவுக்குப் பில்லி கண்ணுக்குத் தெரியாமல் வந்து, அவள் காதில் தைரியம் சொல்கிறான். மனைவியிடம் உயிரோடிருந்தபோது சொல்லாத அன்பைச் சொல்கிறான்.

கண்ணீர் வரவழைக்கும் காட்சிதான். ஆனால் ஒரு முள் இருக்கிறது. பலமாக அடித்தும் வலிக்காமல் இருக்க முடியுமா என்று மகள் கேட்கிறாள்; முடியும் என்று தாய் சொல்கிறாள். அடிக்கிற புருஷனை மன்னிக்கச் சொல்லும் இந்தப் பேச்சு பல பெண்களின் கண்டனத்துக்கு ஆளாகியிருக்கிறது. 2018-ல் நாடகம் மறுபடி பிராட்வேக்கு வந்தபோதும் இதைப் பற்றித்தான் அதிகமான விவாதம். சுப முடிவு தருவதற்குச் சில சமயம் யாராவது விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீக்க மறுத்த பாட்டு

ரசிகர்களுக்காக முடிவை மாற்றத் தயங்காத அதே இருவர் ஒரு விஷயத்தில் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. 1949-ல் வந்த 'ஸவுத் பஸிபிக்' நாடகத்தில் நெல்லி என்ற அமெரிக்க நர்ஸ், யுத்த காலத்தில் ஒரு தீவில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளியைக் காதலிக்கிறாள். அவருடைய இறந்து போன முதல் மனைவி தீவுவாசிப் பெண் என்று தெரிந்ததும் பின்வாங்குகிறாள். இன்னொரு பக்கம், லெப்டினன்ட் கேபிள் என்பவன் ஓர் ஆசியப் பெண்ணைக் காதலித்தும், ஊருக்கு அழைத்துப் போக அஞ்சி மணக்க மறுக்கிறான். இனத்துவேஷம் பிறவியிலேயே வருவதல்ல, சிறு பிராயத்தில் புகட்டப்படுவது என்ற பொருளில் கேபிள் ஒரு பாட்டுப் பாடுகிறான்.

அந்தப் பாட்டை நீக்கிவிடும்படி நண்பர்களே யோசனை சொன்னார்கள். ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். 1953-ல் ஜார்ஜியா ராஜ்ய சட்டசபை அங்கத்தினர்கள் சிலர் அதைப் பலமாக எதிர்த்தார்கள். பாட்டு நிலைத்தது. கேபிள் போரில் இறக்கிறான். நெல்லி மனம் மாறி அந்தக் குழந்தைகளுக்குத் தாயாகிறாள்.

மன்னரின் மரணப் படுக்கை

1951-ல் வந்த 'தி கிங் அண்ட் ஐ' உண்மை மனிதர்களைப் பற்றியது. 1862-ல் ஸயாம் மன்னர் மோங்குட் தம் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க அன்னா லியோனோவன்ஸ் என்ற விதவையை வரவழைத்தார். தாம் வேல்ஸ் நாட்டில் பிறந்ததாக அந்த அம்மாள் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அவர் 1831-ல் நம் இந்தியாவில், அஹமத்நகரில் பிறந்தவர்.

நாடகத்தில் ஆசிரியைக்கும் மன்னருக்கும் ஓயாத சண்டை. அதனடியில் ஒரு மதிப்பு. பர்மாவிலிருந்து காணிக்கையாக வந்த துப்டிம் என்ற இளம்பெண் காதலனோடு ஓடிப் பிடிபடுகிறாள். மன்னர் சவுக்கை ஓங்குகிறார். எதிரே அன்னா நிற்கிறாள். அவள் முன்னிலையில் அவரால் அடிக்க முடியவில்லை. சவுக்கை எறிந்துவிட்டு ஓடுகிறார். அந்த அவமானமே நோயாகி அவரைப் படுக்கையில் தள்ளுகிறது. அன்னா பக்கத்தில் இருக்கையில் உயிர் பிரிகிறது. பட்டத்து இளவரசன் சுலாலங்கோர்ன், இனிமேல் யாரும் தரையில் விழுந்து வணங்க வேண்டாம் என்று தன் முதல் கட்டளையைச் சொல்கிறான்.

சரித்திரம் வேறு. மோங்குட் மன்னர் பட்டத்துக்கு வருமுன் 27 வருஷங்கள் பௌத்த பிக்ஷுவாக இருந்த பண்டிதர், வானசாஸ்திரம் அறிந்தவர். 1868 ஆகஸ்டு 18-ந் தேதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைத் தாமே கணித்து, அதைக் காண ஒரு பரிவாரத்தோடு சென்றார். கணிப்புப் பலித்தது. ஆனால் அந்த இடத்தில் மலேரியா தொற்றி, அக்டோபர் முதல் தேதி காலமானார். அன்னா அதற்கு முந்திய வருஷமே ஸயாமை விட்டுப் போய்விட்டார். தரையில் விழுந்து வணங்கும் வழக்கத்தைச் சுலாலங்கோர்ன் மன்னர் ஒழித்தது உண்மை. ஆனால் அது 1873-ல்.

சாஸ்திரம் அறிந்த ஒரு மன்னரை, வெள்ளைக்கார ஆசிரியையிடம் நாகரிகம் கற்கும் மனிதராகக் காட்டினால் அந்த நாட்டார் பொறுப்பார்களா? 1956-ல் வந்த சினிமாவைத் தாய்லாந்து தடை செய்தது. 1999-ல் வந்த இன்னொரு படத்துக்கும் அதே கதிதான். யூல் பிரின்னர் என்ற நடிகரோ மன்னர் வேஷத்தை 4,625 தடவை மேடையில் போட்டார். அமெரிக்கர்களுக்கு இன்றும் மோங்குட் என்றால் மொட்டைத் தலையும் இடுப்பில் ஊன்றிய கைகளுமாக நிற்கும் பிரின்னர்தான்.

செருப்பு எங்கே?

முடிவுக்காக நடந்த சண்டைகளில் மிக நீண்டது பெர்னார்ட் ஷாவினுடையது. 1913-ல் மேடையேறிய அவருடைய 'பிக்மாலியன்' நாடகத்தில், தெருவில் பூ விற்கும் எலைஸா என்ற பெண்ணுக்கு உயர்குடிப் பேச்சைக் கற்றுக் கொடுத்துச் சீமாட்டியாகக் காட்டுகிறேன் என்று பேராசிரியர் ஹிக்கின்ஸ் பந்தயம் கட்டுகிறார். ஜெயித்தும் விடுகிறார். அன்றிரவு தம் சாமர்த்தியத்தைத் தாமே புகழ்ந்துகொள்கிறார். உழைத்த பெண்ணைத் திரும்பியும் பார்க்கவில்லை. எலைஸா அவர் செருப்புகளை அவர் மேலேயே வீசியெறிகிறாள். பழைய தெருவுக்கும் போக முடியாது, புதிய வீட்டிலும் இடமில்லை, தான் இனி என்ன செய்வது என்று கேட்கிறாள். அவரை விட்டுப் போகிறாள். அதுதான் முடிவு.

1914-ல் லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்தவர், திரை விழுகிற சமயத்தில் எலைஸாவுக்குப் பூக்களை வீசிக் காதலைக் காட்டினார். ஷாவுக்குக் கடுங்கோபம். 1916-ல் புத்தகத்துக்கு ஒரு பின்னுரையே எழுதி, எலைஸா பிரெடி என்ற இளைஞனை மணந்து பூக்கடை வைத்தாள் என்று திட்டவட்டமாகச் சொன்னார். பயனில்லை. 1938-ல் வந்த சினிமாவிலும் எலைஸா திரும்பி வந்துவிட்டாள். தம் நாடகத்தை இசை நாடகமாக்க ஷா உயிரோடிருந்தவரை சம்மதிக்கவில்லை. அவர் 1950-ல் காலமானார்.

1956 மார்ச் 15-ந் தேதி ஆலன் லெர்னர் எழுத, பிரெடரிக் லோ இசையமைத்த 'மை பேர் லேடி' அரங்கேறியது. ரெக்ஸ் ஹாரிஸன் பேராசிரியர். இருபது வயது ஜூலி ஆண்ட்ரூஸ் எலைஸா. 2,717 காட்சிகள் நடந்தன. கடைசிக் காட்சியில் எலைஸா திரும்பி வருகிறாள். ஹிக்கின்ஸ் தொப்பியை முகத்தின் மேல் சாய்த்துக்கொண்டு, தம் செருப்பு எங்கே என்று கேட்கிறார். திரை. ஷா சொன்ன முடிவு சரிதானா என்பது தமக்கு நிச்சயமில்லை என்று லெர்னர் தம் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

கதை அதோடு தீரவில்லை. 2018-ல் நியூயார்க்கில் லிங்கன் சென்டரில் இதே நாடகத்தைப் போட்டபோது, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எலைஸாவைக் கொட்டகையின் நடுவழியாக இறங்கி வெளியே போகச் செய்தார்கள். ஷாவின் பக்கம் தீர்ப்பாக நூறு வருஷங்களுக்கு மேல் பிடித்தது.

வந்து சேராத செய்தி

1957-ல் வந்த 'வெஸ்ட் ஸைட் ஸ்டோரி' ஷேக்ஸ்பியரின் ரோமியோ-ஜூலியட் கதையை நியூயார்க் தெருவுக்குக் கொண்டுவந்தது. இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன். பாட்டு ஸ்டீபன் ஸோன்தைம். வசனம் ஆர்தர் லாரன்ட்ஸ். நடனமும் டைரக்ஷனும் ஜெரோம் ராபின்ஸ். பகைக் குடும்பங்களுக்குப் பதில் இரண்டு இளைஞர் கும்பல்கள். ஒன்று வெள்ளைக்காரப் பையன்கள். மற்றொன்று போர்ட்டோ ரீக்கோவிலிருந்து குடியேறியவர்கள். ஒரு நடனத்தில் டோனியும் மரியாவும் சந்திக்கிறார்கள். சண்டையை விலக்கப் போன டோனி, நண்பன் கொலையுண்டதைக் கண்டு வெறிகொண்டு மரியாவின் அண்ணனைக் கொன்றுவிடுகிறான்.

ஷேக்ஸ்பியர் கதையில், ஜூலியட் சாகவில்லை என்ற கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேராததற்குக் காரணம் கொள்ளை நோய். தூதன் ஒரு வீட்டில் அடைபட்டுவிடுகிறான். அது விதி. இங்கே காரணம் வேறு. செத்த அண்ணனின் காதலி அனிதா, தன் துக்கத்தையும் விழுங்கிக்கொண்டு மரியாவின் செய்தியைச் சொல்ல வருகிறாள். டோனியின் கூட்டாளிகள் அவளை இனத்தைச் சொல்லி ஏசி, மானபங்கம் செய்ய முற்படுகிறார்கள். கொதித்துப் போன அனிதா, மரியா சுட்டுக் கொல்லப்பட்டாள் என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறாள். அந்தப் பொய் டோனியின் உயிரைக் குடிக்கிறது. விதியின் இடத்தில் மனிதர்களின் துவேஷத்தை வைத்ததுதான் இந்த ஒரு மாற்றம்.

மரியா சாகவில்லை. துப்பாக்கியைக் கையில் எடுக்கிறாள். எல்லோரையும் குறி வைக்கிறாள். சுட முடியாமல் கீழே போடுகிறாள். இரண்டு கும்பல்களிலிருந்தும் பையன்கள் வந்து டோனியின் சடலத்தைத் தூக்கிச் செல்கிறார்கள். இங்கே முடிவு இளகவில்லை. முதல் தடவை 732 காட்சிகள்தான் நடந்தது.

மலையா, ரயிலா?

1959-ல் வந்த 'தி ஸவுண்ட் ஆப் மியூஸிக்' கதையைச் சினிமா மூலம் அறியாதவர்கள் குறைவு. ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் நகரத்துக் கன்னிமாடத்திலிருந்து மரியா என்ற பெண், மனைவியை இழந்த காப்டன் வான் டிராப் வீட்டுக்கு ஏழு குழந்தைகளைக் கவனிக்க வருகிறாள். விசில் ஊதிக் குழந்தைகளை அழைக்கும் கண்டிப்பான தந்தை, பாட்டில் இளகி அவளையே மணக்கிறார். ஹிட்லரின் படைகள் வந்ததும் குடும்பம் மலையைத் தாண்டி இரவோடு இரவாகத் தப்புகிறது.

உண்மை மரியா 1926-ல் அங்கே போனது, நோயால் பள்ளிக்குச் செல்ல முடியாத ஒரே ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்ல. கல்யாணம் 1927-ல், அதாவது நாஜிகள் வருவதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்பே. பாங்கு முறிந்து சொத்துப் போனதால்தான் குடும்பம் கச்சேரி செய்யத் தொடங்கியது. 1938-ல் அவர்கள் மலை ஏறவில்லை; ரயில் ஏறி இத்தாலிக்குப் போனார்கள். ஸால்ஸ்பர்க் மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி! தந்தை அவ்வளவு கடுமையானவர் அல்ல என்று பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள்.

மலை பொய்தான். ஆனாலும் வீடு, வாசல், தேசம் எல்லாவற்றையும் துறந்து போனது பொய்யல்ல. ரயில் டிக்கெட்டுக்குப் பின்னால் இருந்த துணிச்சலை மேடையில் காட்ட மலை தேவைப்பட்டது.

பால்காரரின் மூன்று பெண்கள்

கடைசியாக 1964 செப்டம்பர் 22-ந் தேதி அரங்கேறிய 'பிட்லர் ஆன் தி ரூப்'. யித்திஷ் மொழி எழுத்தாளர் ஷோலம் அலைகெம் எழுதிய பால்காரர் டெவ்யாவின் கதைகளிலிருந்து பிறந்தது. ஜோசப் ஸ்டைன் வசனம், ஜெர்ரி பாக் இசை, ஷெல்டன் ஹார்னிக் பாட்டு. 1905-ல் ரஷ்ய சாம்ராஜ்யத்தில் அனடெவ்கா என்ற ஏழை யூதக் கிராமம். ஏழைப் பால்காரருக்கு ஐந்து பெண்கள். நாடகம் மூன்று பேரின் கல்யாணத்தைச் சொல்கிறது.

மூத்தவளைப் பணக்காரக் கசாப்புக் கடைக்காரருக்குத் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. அவளோ ஏழைத் தையற்காரனை விரும்புகிறாள். டெவ்யா யோசித்து விட்டுக் கொடுக்கிறார். இரண்டாமவள் ஒரு புரட்சிக்காரனைத் தானே தேர்ந்தெடுத்து, சம்மதம் கேட்காமல் ஆசீர்வாதம் மட்டும் கேட்கிறாள். அவன் ஸைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட, அவளும் பின்னே போகிறாள். டெவ்யா அதையும் பொறுக்கிறார். மூன்றாவது பெண் சாவா வேற்று மதத்து ரஷ்ய இளைஞனை மணந்துகொள்கிறாள். ஒரு பக்கம் இப்படி, மறுபக்கம் அப்படி என்று எப்போதும் தர்க்கம் செய்யும் அந்த மனிதருக்கு இந்த முறை மறுபக்கம் இல்லை. மகள் இறந்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறார்.

மூலக் கதைகள் இன்னும் துயரமானவை. அவற்றில் டெவ்யாவின் மனைவி இறக்கிறாள். தையற்கார மருமகனும் இறக்கிறான். இன்னொரு மகள் ஆற்றில் விழுந்து உயிரை விடுகிறாள். ஆனால் சாவா புருஷனை விட்டுத் தந்தையிடம் திரும்பி வந்துவிடுகிறாள். நாடகாசிரியர்கள் அந்தச் சாவுகளை எல்லாம் நீக்கினார்கள். சாவாவின் திரும்புதலையும் நீக்கினார்கள். அரசாங்கம் யூதர்கள் எல்லோரையும் ஊரை விட்டு விரட்டுகிறது. சாவாவும் புருஷனும் விடை பெற வருகிறார்கள். இப்படிப்பட்ட அநியாயம் நடக்கிற நாட்டில் தாங்களும் இருக்கப் போவதில்லை என்கிறார்கள். டெவ்யா முகம் திருப்பவில்லை. மூட்டை கட்டிக்கொண்டே, மூத்த மகளின் காதில் மட்டும் ஓர் ஆசி மொழியை முணுமுணுக்கிறார். மூத்தவள் அதைத் தங்கைக்கு உரக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, மன்னிக்க மறுப்பதும் இல்லை.

இந்த நாடகம் 3,242 காட்சிகள் நடந்தது. 1967-ல் டோக்கியோவில் போட்டபோது, இவ்வளவு ஜப்பானியத்தன்மை கொண்ட கதை அமெரிக்கர்களுக்கு எப்படிப் புரிந்தது என்று அங்கிருந்த தயாரிப்பாளர் வியந்து கேட்டதாக ஸ்டைன் சொல்லி வந்தார். பெண்ணைப் பெற்ற தகப்பன் எங்கேயும் ஒருவன்தானே! சாதி விட்டு, மதம் விட்டு மணந்துகொண்ட மகளின் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்துவிட்ட தகப்பனார்களை நம் ஊர்களும் அறியும்.

ஹாமர்ஸ்டைன் 1960-ல் மறைந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாடகங்கள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் அவற்றின் முடிவை மறுபடி விசாரிக்கிறது. பில்லியை மன்னிக்கலாமா, எலைஸா திரும்பலாமா, ஜூலி எங்கே போனாள் என்று புதிய ரசிகர்கள் கேட்கிறார்கள். கசப்பை முழுவதும் துடைத்துவிட்ட முடிவுகள்தான் இன்று அதிகமாகச் சந்தேகிக்கப்படுகின்றன. பாதி ஆறுதலோடு நின்றுகொண்ட டெவ்யாவின் முடிவை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில் பால்காரர் தம் வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு புறப்படுகிறார். கூரை மேல் நின்று பிடில் வாசித்தவன் பின்னால் வாசித்துக்கொண்டு நிற்கிறான். டெவ்யா நின்று, திரும்பி, கூட வரும்படி தலையை அசைக்கிறார். அவன் பிடிலை இடுக்கிக்கொண்டு பின்தொடர்கிறான். போகிற இடத்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே திரை விழுகிறது.